ஊது, ரெண்டு, மூணு

ஜெபக்கனி டீச்சரிடம் படிக்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். டீச்சருக்கு வயது முப்பத்து நான்கு. மாவட்டத்துச் செவிலியர் பயிற்சி நிலையத்தில் பாடம் நடத்துகிறார். எதிரே பெஞ்சில் இருப்பவர்களுக்கு முட்டுவலி, சர்க்கரை, பேரன், பேத்தி. ஆகையால் அவர் எல்லாரையும் அக்கா என்பார். அவர்கள் அவரை டீச்சர் என்பார்கள். இந்த ஏற்பாட்டில் யாருக்கும் குறை இருந்ததில்லை.

டீச்சர் அதிகம் பேசமாட்டார். அவரிடம் கேள்வி கேட்டால் சில சமயம் பதில் வரும். பல சமயம் பயிற்சிக்கு வைத்திருக்கும் ரப்பர்க் குழந்தைப் பொம்மைதான் வரும். கேட்டவர் மடியில் அதைப் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொள்வார். பொம்மையோடு மல்லுக்கட்டி விடையைக் கண்டுபிடிப்பது கேட்டவர் பாடு.

தில்லைநாயகிக்கு இந்த முறை ஒத்துவரவில்லை. பொதிகை மலையடிவாரத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவள் இருபத்து நாலு வருஷமாகச் செவிலியர். அவள் கையில் பிறந்த பெண்ணொருத்தி போன ஆடியில் அதே கட்டிலில் தானும் ஒரு பிள்ளை பெற்றுக்கொண்டு போனாள். இவ்வளவு பார்த்தவளுக்குக் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த வகையில் பார்த்தால், கைபேசி டீச்சரைவிடத் தேவலை.

கைபேசிப் பாடம் அந்த வருஷம்தான் வந்தது. முன்பெல்லாம் பயிற்சி என்றால் மூன்று நாள் டவுனுக்குப் போய், மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்து, மத்தியானம் சாம்பார் சாதம் சாப்பிட்டு வருவது. இனிமேல் போனிலேயே படித்துக்கொள்ளுங்கள் என்று உத்தரவாயிற்று. முப்பத்தாறு பாடம். ஒவ்வொன்றிலும் ஒரு வீடியோ, முடிவில் ஐந்து கேள்வி. எல்லாம் சரியாக இருந்தால் ஒரு நட்சத்திரம் விழும். முப்பத்தாறும் விழுந்தால் சான்றிதழ். மேலிடம் எதைச் சும்மா கொடுத்தாலும் கூடவே ஒரு கடைசித் தேதியையும் கொடுத்துவிடும். இதற்கு மாசக் கடைசி.

பாடத்தைக் குறை சொல்ல முடியாது. மூச்சு வராமல் பிறக்கும் பிள்ளைக்கு, மூக்கையும் வாயையும் மூடும்படி சின்ன மாஸ்க்கை வைத்து, ரப்பர் பையை அமுக்கிக் காற்று கொடுக்க வேண்டும். அந்த மாஸ்க்கைத் தில்லைநாயகி இத்தனை வருஷமாகக் கொஞ்சம் சாய்வாகத்தான் பிடித்துவந்தாள். ஓரத்தில் காற்று கசியும். யாரும் சொல்லவில்லை. நாலாம் பாடம் சொல்லிற்று. அன்றைக்கே பிடியை மாற்றிக்கொண்டாள். அந்த நன்றி அவளுக்கு உண்டு.

நேரம்தான் இல்லை. காலையில் வெளிநோயாளிகள், புதன்கிழமை தடுப்பூசி, சாயங்காலம் பதிவேடு. இருபதாம் தேதி ஆகியும் ஒன்பது நட்சத்திரம்தான் விழுந்திருந்தது. உடன் வேலை பார்க்கும் ஜன்னத்துதான் வழி காட்டினாள். வீடியோவின் மூலையில் ஒரு பட்டன். அதை அமுக்கி இரண்டில் வைத்தால் எல்லாம் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடும், பத்து நிமிஷப் பாடம் ஐந்து நிமிஷத்தில் முடியும் என்றாள்.

படத்தில் பேசிய அம்மாள் மீன் ஏலம் போடுகிறவர் மாதிரிப் பேசத் தொடங்கினார். முதல் நாள் தலை சுற்றியது. மூன்றாம் நாள் காது பழகிவிட்டது. அதற்குப் பிறகு வீட்டுக்காரர் சாப்பிடும்போது ஆற அமரச் சொல்லும் ஊர்க்கதைகள்தான் அவளுக்குத் தாங்கவில்லை. இந்த மனுஷனுக்கும் மூலையில் ஒரு பட்டன் இருந்தால் தேவலையே என்று நினைத்துக்கொள்வாள்.

பதினேழாம் பாடம் காற்றுப் பையைப் பற்றியது. பார்த்தால் போதாது, கையால் பழக வேண்டும் என்று அதிலேயே சொல்லியிருந்தார்கள். சுகாதார நிலையத்தில் இருந்த பயிற்சிப் பொம்மைக்கு நெஞ்சு கிழிந்து வருஷக்கணக்காகிறது. எவ்வளவு அமுக்கினாலும் அது ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது. அது எதற்கு என்று தில்லைநாயகி பையை வீட்டுக்கே எடுத்துவந்தாள். துண்டைச் சுருட்டிப் பிள்ளையாக்கினாள். போனைத் துவரம்பருப்பு டப்பாவில் சாய்த்துவைத்தாள்.

"ஊது, ரெண்டு, மூணு" என்று அந்த அம்மாள் எண்ணுவார். ஊது என்னும்போது பையை அமுக்க வேண்டும். ரெண்டு, மூணு என்னும்போது விட வேண்டும். அவர் எண்ண எண்ண இவள் அமுக்கினாள். தினமும் காலையில் குக்கர் மூன்று விசில் அடிக்கும்வரை. பத்து நாளில் கை தானாக ஓடியது.

வட்டாரத்திலேயே முதலில் முப்பத்தாறு நட்சத்திரம் வாங்கியது அவள்தான். டாக்டர் சான்றிதழை அச்செடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். மருந்து வாங்க வந்தவர்களெல்லாம் அதைப் படித்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மத்தியானம் இசக்கியம்மாளுக்குப் பிரசவம். தலைப்பிள்ளை, ஆண். பிறந்தவன் அழவில்லை. துடைத்தாள், முதுகைத் தேய்த்தாள். அப்படியும் அழவில்லை. மேசையில் கிடத்தி மாஸ்க்கை வைத்தாள். அந்த நேரத்தில் அவளுக்கு வேறு எதுவும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது. பிறகு நன்றாகவே அழுதான்.

ஆனாலும் ஜாக்கிரதைக்குத் தாயையும் பிள்ளையையும் ஆம்புலன்சில் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நாலு நாள் வைத்துப் பார்க்க வேண்டும் என்று அங்கே சொன்னார்களாம். புதன்கிழமை இசக்கியம்மாள் போனில் அவ்வளவுதான் சொன்னாள். வியாழக்கிழமை தில்லைநாயகி இரண்டு தடவை கூப்பிட்டாள். போன் அணைந்திருந்தது.

வெள்ளிக்கிழமை டவுனில் வகுப்பு. போனில் முடித்தவர்கள் ஒரு நாள் நேரில் வந்து கையால் செய்து காட்ட வேண்டும். முப்பது பேர் வந்திருந்தார்கள். முதல் ஆளாக முடித்தவள் என்பதால் தில்லைநாயகியைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். செவ்வாய்க்கிழமை ஓர் உயிரைப் பிடித்து நிறுத்தியவள் வேறு. அவளும் நிமிர்ந்துதான் போனாள்.

வாய்விட்டு எண்ணிக்கொண்டே செய்யுங்கள் என்றார் ஜெபக்கனி டீச்சர்.

தில்லைநாயகி பொம்மை முகத்தில் மாஸ்க்கை வைத்த அழகைப் பார்த்து டீச்சர் தலையசைத்தார். பிறகு அவள் எண்ணத் தொடங்கினாள். டீச்சர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு நிமிஷம் ஆனதும் போதும் என்று கையைக் காட்டினார்.

முன்பெஞ்சில் ஒருவரைக் கணக்கு வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். அவர் எண்பத்தொன்று என்றார்.

"ஒரு நிமிஷத்துக்கு எத்தனை கொடுக்கணும், அக்கா?"

"நாப்பது, டீச்சர்."

சரியான விடை. அந்தக் கேள்விக்கு அவள் நட்சத்திரம்கூட வாங்கியிருந்தாள்.

டீச்சர் கை நீட்டினார். தில்லைநாயகி போனைக் கொடுத்தாள். டீச்சர் பதினேழாம் பாடத்தைத் திறந்து ஓடவிட்டார். அந்த அம்மாள் ஏலம் போட்டார். பின்பெஞ்சில் இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் சிரிக்கவில்லை. அவர்கள் வீட்டிலும் அந்த அம்மாள் அதே வேகத்தில்தான் பேசியிருக்கிறார்.

டீச்சர் மூலையில் இருந்த இரண்டை ஒன்றாக்கினார்.

"ஊது... ரெண்டு... மூணு."

போன் பழுதாகிவிட்டது என்றுதான் தில்லைநாயகி முதலில் நினைத்தாள். பிறகு புரிந்தது. புரிந்ததும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே போன காற்று வெளியே வரவும் நேரம் வேண்டும். அது வருவதற்குள் அடுத்ததைத் திணித்தால் பிறந்த பிள்ளையின் நுரையீரல் தாங்காது. அந்தப் பாடமும் அவள் படித்ததுதான். நாலு நாள் வைத்துப் பார்க்க வேண்டும் என்று ஏன் சொன்னார்கள்? போனை ஏன் அணைத்துவைத்தாள்? செவ்வாய்க்கிழமையிலிருந்து சந்தோஷமாக நினைத்துக்கொண்டிருந்த ஒவ்வொன்றும் இப்போது திரும்பி நின்று அவளைப் பார்த்தது.

முப்பது பேர் முன்னால் சொல்ல வெட்கம்தான். ஆனாலும் எல்லாவற்றையும் சொன்னாள். துண்டுப் பிள்ளை, பருப்பு டப்பா, பத்து நாள், செவ்வாய்க்கிழமை, அணைந்த போன். சொல்லி முடித்துக் கேட்டாள்.

"என் கையால அந்தப் பிள்ளைக்குக் கெடுதி வந்திருக்குமா, டீச்சர்? இனிமே நான் பிரசவ அறைக்குள்ள காலெடுத்து வைக்கலாமா?"

டீச்சர் பதில் சொல்லவில்லை. பொம்மையையும் எடுக்கவில்லை. கையிலிருந்த போனையே நீட்டினார்.

"அந்தத் தாய் நம்பர் எது?"

தில்லைநாயகி காட்டினாள். டீச்சர் வீடியோ அழைப்பைத் தட்டினார். மணி போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி தட்டினார். தில்லைநாயகி மனசுக்குள் குலசாமியைக் கூப்பிட்டாள். ஆறாவது மணியில் திரையில் ஒரு மின்விசிறி தெரிந்தது. பிறகு இசக்கியம்மாளின் பாதி முகம்.

"சிஸ்டரா? நானே கூப்பிடணும்னு இருந்தேன். வார்டுல ஒரே ஒரு பிளக்குதான். எல்லாரும் சண்டை போடுதாங்க. நேத்து பூரா சார்ஜே இல்ல."

அவள் மேலே பேசப்போனாள். டீச்சர் தடுத்தார். தான் யார் என்று சொன்னார். பிள்ளையைப் பார்க்க வேண்டும், இங்கே முப்பது நர்சுகள் இருக்கிறோம், உனக்குச் சம்மதமென்றால் மட்டும் காட்டு என்றார்.

"முப்பது பேரா? கண்ணு பட்டுறாதா?"

கேட்டாளே தவிர, அவளே போனைக் கட்டில் பக்கம் திருப்பினாள். கன்னத்தில் பெரிய மைப்பொட்டோடு ஒருவன் படுத்திருந்தான். இப்போதுதான் பால் குடித்தான் என்றாள். டீச்சர் சட்டையைக் கொஞ்சம் மேலே தூக்கச் சொன்னார். போனை அசையாமல் பிடிக்கச் சொன்னார். பிறகு இந்தப் பக்கத்துப் போனை மேசையில் தண்ணீர் பாட்டிலோடு சாய்த்துவைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"எண்ணுங்க, அக்கா. ஒரு நிமிஷம்."

நிமிஷத்துக்கு மூச்சு அறுபதைத் தாண்டினால் நெஞ்சுக்குள் கோளாறு. அங்கிருந்த முப்பது பேருக்கும் அது தெரியும். பெஞ்சுகள் காலியாகி எல்லாரும் மேசையைச் சுற்றி வந்துவிட்டார்கள்.

தில்லைநாயகி எண்ணினாள். சின்ன நெஞ்சு ஏறியது, இறங்கியது. ஒன்று. ஏறியது, இறங்கியது. இரண்டு. அவள் விரல் தன்னையறியாமல் திரையின் மூலைக்குப் போயிற்று. அங்கே அமுக்க ஒன்றும் இல்லை. அவனுக்கு ஓடத் தோன்றிய வேகத்தில்தான் அது ஓடியது. விரலை மடக்கிக்கொண்டாள்.

முப்பத்தொன்றில் நின்றுவிட்டான்.

பச்சைப் பிள்ளைகள் தூக்கத்தில் நாலு விநாடி மூச்சை நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குவது உண்டு. பயப்பட ஒன்றுமில்லை. இருபத்து நாலு வருஷமாக எத்தனை தாய்மாருக்கு அவளே இதைச் சொல்லியிருக்கிறாள். இப்போது அவளுக்கு யாராவது சொன்னால் நன்றாக இருந்திருக்கும். யாரும் சொல்லவில்லை. சுற்றி நின்ற முப்பது பேரும் தங்கள் மூச்சையும் சேர்த்து நிறுத்திவிட்டார்கள். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

நெஞ்சு ஏறியது. முப்பத்திரண்டு. யாரோ பின்னாலிருந்து யேசுவே என்றார்கள்.

கடிகாரத்தில் நிமிஷம் முடிந்தபோது டீச்சர் அவளைப் பார்த்தார்.

"நாப்பத்தாறு" என்றாள் தில்லைநாயகி.

"அறுபது?"

"தாண்டல, டீச்சர்."

அதற்குமேல் இசக்கியம்மாளால் பொறுக்க முடியவில்லை. நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்று டாக்டர் காலையிலேயே சொல்லிவிட்டாராம். நாளைக்கு வீட்டுக்குப் போகலாமாம். இதைச் சொல்லத்தான் அவள் அப்போதிலிருந்து வாயைத் திறந்துகொண்டிருந்தாளாம்.

தில்லைநாயகி அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, சத்தம் வராமல், தோள் குலுங்க அழுதாள். போன உயிர் திரும்பி வந்த அழுகை அது. யாரும் தேற்றவில்லை. சிலர் தாங்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒருவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அழுது முடித்ததும் கோபம் வந்தது. சான்றிதழைக் கிழித்துப் போடப்போவதாகச் சொன்னாள். அந்தப் பாடத்தையெல்லாம் போனிலிருந்து அழித்துவிட்டுத்தான் மறுவேலை, இனிமேல் அதைத் தொட்டால் கையை வெட்டு என்றாள்.

"மாஸ்க்கை இன்னைக்கு அழகாப் பிடிச்சீங்களே, அது எங்க படிச்சது?"

தில்லைநாயகி மேசையிலிருந்த போனைப் பார்த்தாள்.

"அதையும் அழிச்சிருவீங்களா?"

மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அவளுக்கே ஒரு சந்தேகம் வந்தது. எண்பத்தொன்று அமுக்குகிற கை இது. முப்பது பேர் சாட்சி. அப்படி அமுக்கியும் அந்தப் பிள்ளைக்கு எப்படி ஒன்றும் ஆகாமல் போனது? அவள் அதை டீச்சரிடம் கேட்டாள்.

"அன்னைக்கு எண்ணினீங்களா, அக்கா?"

தில்லைநாயகி யோசித்தாள். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு இப்போதுதான் மனசுக்குள் அந்தப் பிரசவ அறை மேசைக்குப் பக்கத்தில் மறுபடி போய் நின்றாள். நீலம் பாரித்த முகம். காய்ந்துபோன தன் நாக்கு.

"இல்ல. ஒரு நம்பர்கூட வாயில வரல."

"பின்ன என்ன செஞ்சீங்க?"

"அவன் நெஞ்சைப் பாத்தேன். அமுக்கினேன், ஏறிச்சு. இறங்கட்டும்னு நின்னேன். இறங்கின பொறகு அடுத்தது கொடுத்தேன்."

"இறங்க நேரம் ஆச்சா?"

"ஒரு யுகம் மாதிரி இருந்துச்சு, டீச்சர்."

"ஆனாலும் நின்னீங்க."

"அது இறங்காம நான் எப்படி அடுத்ததைக் கொடுக்க முடியும்?"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவள் காதில் விழுந்தது. தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பத்து நாளா ஓடியே பழகின கை, டீச்சர். அன்னைக்கு மட்டும் இதுக்கு நிக்கச் சொல்லிக் கொடுத்தது யாரு? போன் சொல்லல. நீங்களும் பக்கத்துல இல்ல."

அவள் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. மேசைமேல் தண்ணீர் பாட்டிலில் சாய்ந்திருந்த போனில் அழைப்பு இன்னும் துண்டிக்கப்படவில்லை. மைப்பொட்டுக்காரன் ஒரு கையைத் தலைக்குமேல் தூக்கிப் போட்டுக்கொண்டு கிடந்தான்.

ஜெபக்கனி டீச்சர் உதட்டில் விரலை வைத்தார்.

"மெதுவாப் பேசுங்க, அக்கா. சொல்லிக் கொடுத்தவரு இப்பதான் கண் அசந்திருக்காரு."